ஆளுநர் என்ன சொல்கிறார்?

1

இந்தக் கதை ஒரு தொலைபேசியிலிருந்து வந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் இந்த மாநிலத் தலைநகரில் அரசாங்கத் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறேன். மதுரையை விட்டு இந்த நாட்டுக்கு வந்து தலைமுடி பாதி போயாகிவிட்டது. போன நவம்பரில் ஒருநாள் காலை, இரண்டாம் மாடியில் ஆளுநர் அலுவலகத்துக்குப் போய் ஒரு போனைச் சரிபார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். சாதாரணக் கறுப்பு போன். எடுத்தால் நேரே சிறைச்சாலைக்குப் போகும், வேறெங்கும் போகாது. அன்று மாலை ஆறு மணிக்கு அங்கே ஒருவருக்கு மரண தண்டனை. ஆளுநர் கடைசி நிமிடத்தில் நிறுத்த நினைத்தால் கம்பி அறுந்திருக்கக் கூடாதல்லவா, அதற்காக.

எடுத்தேன். மறுமுனையில் ஓர் ஆண்குரல், "சொல்லுங்க," என்றது.

"கேக்குதா சார்?"

"கேக்குது. யாரு பேசுறது?"

"யாருமில்ல சார். போன் சரிபாக்க வந்தவன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "அட போங்கய்யா. ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னுபோச்சு."

அவருக்கு எதற்கு நெஞ்சு நிற்க வேண்டும்? சந்தோஷத்திலா, பயத்திலா? வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அன்று நிஜத்தில் நடந்தது என்ன என்று செய்தித்தாளில் நாலு வரி வந்தது. அது இந்தக் கதையில்லை. இதில் வரும் ஆளுநர், அவருடைய ஆட்கள், ஆறு, பாலம் எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. மாநிலத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த நவம்பர் மாலையில், மேவிஸ் ட்ராஸ்க் ஜன்னலருகே நின்று..."

வேண்டாம். கதைக்குள் துக்கம் வந்தால் மழையும் கூடவே தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது.

இரண்டாம் முயற்சி: "அதிகாரம் என்பது என்ன? அது ஒருவரிடம் இருப்பதா, அல்லது ஒருவரின் பெயரால் இன்னொருவர்..." எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "மேவிஸ் ட்ராஸ்க் நின்றுகொண்டே சாப்பிட்டாள்." இது இருக்கட்டும். ஆளுநர் ஹாலிஸ் ப்ரீனுக்குத் தலைமை அலுவலராக ஆன நாளிலிருந்து அவள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. ஒரு கையில் வான்கோழி வைத்த ரொட்டி, மறு கையில் போன், மேசையில் ஆறிப்போன காபி.

[நம்மூர் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இங்கே ஆளுநர் ஓட்டு வாங்கி வருகிறவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி. அவர் அறைக்குள் யார் போகலாம், எந்தக் கோப்பு எப்போது அவர் மேசைக்குப் போகலாம், எந்தக் கெட்ட செய்தியை அவர் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றெல்லாம் முடிவுசெய்கிற ஆள்தான் தலைமை அலுவலர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'சீஃப்'. ஓட்டுச்சீட்டில் அவள் பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.]

அவளுடைய வேலை முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். "கவர்னர் என்ன சொல்றாருன்னா..." என்று அவள் ஆரம்பித்தால் சாலை போடுவார்கள், பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், அணையைத் திறப்பார்கள். 'நிஜமாகவே அவர் அப்படிச் சொன்னாரா?' என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது அந்தக் கட்டடத்தின் வழக்கம். கேட்பது சீஃபின் முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

யோசித்துப் பார்த்தால் நானும் அதே பிழைப்புத்தான் பிழைக்கிறேன். 'மேவிஸ் சொன்னாள்' என்று எழுதுகிறேன், நீங்களும் நம்புகிறீர்கள்.

3

முதல் வரைவில் மேவிஸைப் பதவிப் பித்துப் பிடித்தவளாக எழுதியிருந்தேன். உதட்டுச்சாயம், உயரமான செருப்பு, கூர்மையான சிரிப்பு. மூன்று பக்கம் தாண்டியதும் அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டேன். இப்போது இருக்கிறவள் அறுபதை நெருங்குகிறவள். தட்டைச் செருப்பு. ஹாலிஸ் சின்ன ஊரில் தீவனக் கடை வைத்திருந்தபோதே அங்கே கணக்குப் பார்த்தவள். அவரை "நீ" என்று கூப்பிட இந்த மாநிலத்தில் உரிமையுள்ள ஒரே ஆள்.

[ஆளுநரை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் எழுதுகிறேன். ஏன் என்று என் மனைவி கேட்டாள். மாற்றி எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.]

ஹாலிஸுக்கு மறதி நோய். மேவிஸுக்கும், அவருடைய காரை ஓட்டும் காவலர் ஓர்டிஸுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எப்படிக் கண்டுபிடிக்காமல் இருந்தார்கள் என்று கேட்பீர்கள். நோய் வருவதற்கு முன்பும் அவருடைய வாக்கியங்களை அவள்தான் முடித்துக்கொண்டிருந்தாள். வந்த பிறகு கொஞ்சம் சீக்கிரமாக முடிக்க ஆரம்பித்தாள். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று காலை அவர் தெளிவாக இருந்தார். காலைகளில் அப்படித்தான்.

"மேவிஸ், இன்னிக்குத்தானே அந்தப் பையனுக்கு?"

"பையன் இல்ல ஹாலிஸ். நரைச்சுப்போன ஆளு. கிம்ப்ரல்."

"நிறுத்திடு."

"என்னது?"

"நிறுத்துன்னேன். காது அடைச்சிடுச்சா உனக்கு? எனக்கு எதெல்லாம் மறக்குதுன்னு உனக்குத் தெரியும். ஒரு மனுஷனைக் கொன்னுட்டு, கொன்னதையும் மறந்துட்டு, மறுநாள் முட்டை தின்னுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம். அவன் நல்லவன்னு சொல்லல. ஜெயில்லயே கெடந்து சாகட்டும்."

காகிதம் சட்டப் பிரிவிலிருந்து தயாராகி வர மதியமாகும். "சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்," என்றார். மேவிஸுக்கு ஒரு பாரம் இறங்கியது. அந்த உத்தரவில் அவளுக்குச் சம்மதம்தான், ஆனால் அதைச் சொல்வது அவள் வேலையில்லை. இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட எந்தக் கைதியின் புகைப்படத்தையும் அவள் பார்த்ததில்லை. கோப்பில் படம் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் தன் மேசைக்கு அனுப்பச் சொல்வாள். முகம் தெரிந்துவிட்டால் ஆளுநரின் வேலையைத் தான் செய்ய ஆரம்பித்துவிடுவோம் என்று பயம்.

4

மதியம் காகிதத்தோடு போனாள்.

"யாரு கிம்ப்ரல்?" என்றார் ஹாலிஸ்.

சொன்னாள். பெட்ரோல் நிலையம், டேனா ரெனிக் என்ற கல்லூரிப் பெண், கல்லாவுக்காக ஒரு துப்பாக்கிக் குண்டு.

அவர் முகம் சிவந்தது. "அவனுக்கா மன்னிப்பு? எவன் கேட்டது?"

"நீதான். காலையில."

"நானா? போ மேவிஸ், விளையாடாத. ஓட்டுக் கேட்டு வந்தப்ப ஊர் ஊரா நின்னு என்ன சொன்னேன் நான்? கோர்ட்டு சொன்னதுல கை வைக்க மாட்டேன்னு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"காலையில வேற சொன்ன ஹாலிஸ். காரணமும் சொன்ன."

"என்ன காரணம்?"

அவள் வாயைத் திறந்தாள். 'உனக்கு மறந்துபோகும் என்பதுதான் காரணம்' என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வடிந்து, கண்ணில் பயம் வந்தது.

"நிஜமாவே சொன்னேனா?"

"சொன்ன."

"அப்ப சொன்னதும் நான், இப்ப சொல்றதும் நான். நீ யார் பேச்சைக் கேப்ப?"

இந்த இடத்தில் மேவிஸ் ஒரு தவறு செய்தாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு. நேரம் சரியில்லாதபோது கோப்பை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பழகியவள் அவள். அதனால் காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் படு. எழுந்ததும் பேசிக்கலாம்," என்றாள். அவர் குழந்தை மாதிரி தலையாட்டினார்.

தன் அறைக்கு வந்தபோது இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. செத்துப்போன டேனாவின் அம்மா, ஓபல் ரெனிக்.

"மேடம், நான் ஜெயிலுக்கு வெளிய கார்லதான் இருக்கேன். உள்ள வந்து பாக்கலாம்னாங்க. மனசு வரல. ஆறு மணிக்கு முடிஞ்சிடும்ல?"

"நீங்க தனியாவா இருக்கீங்க?"

"கூட்டிட்டு வர யாரு இருக்கா எனக்கு? ஒரு உதவி மேடம். முடிஞ்சதும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. டிவியில எவனாவது சிரிச்சிக்கிட்டே சொல்லி அதை நான் கேக்கணுமா?"

"சொல்றேன்மா," என்றாள் மேவிஸ். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை, நேரமில்லை. திரும்ப ஆளுநர் அறைக்குப் போனபோது சோபாவில் போர்வை மட்டும் கிடந்தது.

5

ஓர்டிஸ் கூப்பிட்டபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"சீஃப், கவர்னர் என்கூடத்தான் இருக்காரு. பயப்படாதீங்க."

"எங்க இருக்கீங்க?"

"ஒரு ரவுண்டு போலாம்னாரு. போனோம். அவர் பொறந்த வீட்டைப் பாக்கணும்னாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே, பத்து நிமிஷம்னு..."

"பாலத்தைத் தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டோம் சீஃப்."

மேவிஸ் உட்கார்ந்தாள். ஆற்றின் அக்கரை வேறு மாநிலம். இந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் குதிரைவண்டிக் காலத்து ஆட்கள். ஆளுநர் எல்லையைத் தாண்டினால் அவர் அதிகாரம் எல்லையிலேயே நின்றுவிடும், திரும்பி வரும்வரை துணை ஆளுநர்தான் ஆளுநர் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரும் மாற்றவில்லை. துணை ஆளுநரையும் இங்கே தனியாக ஓட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள்; இப்போதிருக்கும் லாம்கின் எதிர்க்கட்சி. கிம்ப்ரலுக்குக் கருணையே கூடாது என்று கூட்டம் போட்டுக் கத்தியவர். அந்த நிமிடம் அவர்தான் இந்த மாநிலத்தின் ஆளுநர். மகன் ஆடும் கால்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருந்தார். அவருக்கே அது தெரியாது.

"உடனே வண்டியைத் திருப்பு, ஓர்டிஸ்."

"திருப்பிட்டேன் சீஃப். பாலத்துல லாரி கவுந்து கெடக்கு. ஒரு வண்டியும் நகரல."

[ஆமாம். லாரியை நான்தான் கவிழ்த்தேன். இல்லாவிட்டால் அவர் வந்து சேர்ந்துவிடுவார்.]

"அவர்கிட்ட குடு."

கொஞ்சம் காற்றின் சத்தம். பிறகு ஹாலிஸின் குரல், அவளுக்குத் தெரிந்த குரல்தான், இருபது வயது குறைந்திருந்தது. "மேவிஸா? எங்கம்மா வீட்டுல வெளக்கே எரியல. வீட்டை யாரோ இடிச்சுட்டானுங்க போல. நீ வாயேன். கடையைச் சாத்திட்டு வந்துடு."

"வரேன் ஹாலிஸ்," என்றாள் அவள். "குளுருது, காருக்குள்ளயே உக்காரு."

6

ஆறு மணிக்கு முன் அந்தக் கறுப்பு போனில் ஆளுநரின் வார்த்தையைச் சிறைக்குச் சொல்லியாக வேண்டும், அது வழக்கம். ஆக, அவள் சொல்லக்கூடியவை இவ்வளவுதான். 'கவர்னர் நிறுத்தச் சொல்றாரு' என்றால் பொய். 'கவர்னருக்கு ஆட்சேபம் இல்ல' என்றாலும் பொய். மூன்றாவதாக லாம்கினைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம். கிம்ப்ரல் சாவான், ஹாலிஸின் நோய் ஊர் சிரிக்க வெளியே வரும்.

முதல் முடிவை எழுதிப் பார்த்தேன். நிறுத்துகிறாள். கிம்ப்ரல் பிழைக்கிறான். காருக்குள் ஓபல் ரெனிக் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு கத்துகிறாள். ஒரு மாதத்துக்குள் ஆளுநர் பாலத்தைத் தாண்டியிருந்தது தெரிந்துவிடுகிறது. மேவிஸ் கூண்டில் நிற்கிறாள். ஹாலிஸைக் கேமரா முன்னால் உட்காரவைத்து இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறார்கள். லாம்கின் ஆளுநராகிப் புதுத் தேதி குறிக்கிறார். ஆக எல்லோரும் போனார்கள். இதை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன்.

இரண்டாம் முடிவு. ஆட்சேபம் இல்லை என்கிறாள். ஆறு மணி தாண்டுகிறது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. லாரியை அப்புறப்படுத்திவிடுகிறார்கள், ஹாலிஸ் வந்து சேர்கிறார். மறுநாள் காலை தெளிவாக இருக்கிறார். முட்டையை உடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறார்.

"நேத்து அந்தப் பையனை நிறுத்தினோம்ல?"

"நிறுத்திட்டோம் ஹாலிஸ்."

"நல்லதாப் போச்சு," என்கிறார். இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டும்.

மூன்றாவது என் மனைவியின் கட்சி. காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சட்டப்படி லாம்கின்தானே? அவனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே. எதுக்கு இப்படி மண்டையை உடைச்சிக்கிறீங்க?"

"அவன் கொன்னுடுவான்."

"கொல்லட்டும். அவ கை சுத்தமா இருக்கும்."

"என் கை?"

"உங்க கை எப்ப சுத்தமா இருந்துச்சு? லாரியைக் கவுத்தவர்தானே நீங்க."

7

இதுவரை ஒன்றைக் கவனித்தீர்களா? கிம்ப்ரலின் அறைக்குள் நான் போகவே இல்லை. மேவிஸ் புகைப்படத்தை எடுத்துவிட்டது போல நானும் எடுத்துவிட்டேன். எளிதாக இருந்தது. அவனை வெறும் பெயராக வைத்துக்கொண்டு முடிவுகளைச் சீட்டு மாதிரி மாற்றிப் போட முடிந்தது.

சரி, போகிறேன்.

சின்ன அறை. சுத்தமாக இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது. கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறான். கம்பிக்கு வெளியே நாற்காலியில் ஒரு காவலர்.

"சார், வியாழக்கிழமை பல் டாக்டர் வருவாருல்ல?"

"வருவாரு."

"பேர் குடுத்திருந்தேன். இப்பவும் அந்தப் பேரை அடிக்கச் சொல்லல. இருந்தா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

காவலர் நாற்காலியைக் கொஞ்சம் கம்பிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குன்னு பாத்தா இது வலிக்கணும்? ஒரு மாத்திரை கேட்டேன். டாக்டர்கிட்ட கேட்டுத்தான் தரணுமாம். ஒடம்புக்கு ஆகாதாம்." சிரிக்கப் பார்த்தான். வலித்தது, நிறுத்திவிட்டான். "அந்தப் பொண்ணு பேரு டேனா. நான் அந்தப் பேரைச் சொல்லக்கூடாதுன்னு வக்கீல் சொன்னாரு. அவங்கம்மாவுக்குப் புடிக்காதாம். சரின்னு வெளிய சொல்றதில்ல. உள்ளுக்குள்ள சொல்லிக்கிறேன். அது தப்பா சார்?"

"எனக்குத் தெரியல கிம்ப்ரல்."

"போன் வந்தா இங்க கேக்குமா?"

"கேக்காது. அதிகாரி ரூம்லதான் போன். ஆனா கதவு தொறக்குறவங்க நடையில தெரிஞ்சிடும்."

கிம்ப்ரல் தலையாட்டினான். கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், கதவையே பார்க்க ஆரம்பித்தான்.

போயிருக்கக் கூடாது. இப்போது எனக்கு முகம் தெரிந்துவிட்டது.

8

இரண்டாம் மாடி. மேவிஸ் கறுப்பு போனின் முன்னால் நிற்கிறாள். நான் காலையில் சரிபார்த்த அதே போன். கம்பியில் ஒரு குறையும் இல்லை, சத்தியம் செய்கிறேன். அக்கரையில் ஹாலிஸ் காருக்குள் உட்கார்ந்து, இல்லாத வீடு இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓபல் ரெனிக் மடியில் போனை வைத்துக்கொண்டிருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆகப்போகிறது.

மேவிஸ் போனை எடுக்கிறாள். அவள் சொல்லும் வாக்கியத்தை இங்கே நான் எழுத வேண்டும். எழுத மாட்டேன். நான் எழுதினால் அது அவள் சொன்னதாகிவிடும். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் காலையில் ஒன்று சொல்வாள், மாலையில் ஒன்று சொல்வாள். மனுஷிதானே.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

அவளும் பேசவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, மேசைக்கு இந்தப் பக்கம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக நீட்டுகிறாள். வாங்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரம்தான் அவள் நீட்டிக்கொண்டிருப்பாள்?

அந்தப் பக்கம் சிறை அதிகாரி. உங்கள் குரல் அவருக்குப் புதிது. ஆனால் இந்தக் கம்பியில் வரும் குரலை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் ஆளுநர் சொன்னது. நான் அன்றைக்கு 'யாருமில்ல' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நீங்கள் கிம்ப்ரலைப் பார்த்துவிட்டீர்கள், ஓபலையும் கேட்டுவிட்டீர்கள். உங்களுக்கு அந்த வழி இல்லை.

"சொல்லுங்க," என்கிறார் அவர். "கேக்குது. கவர்னர் என்ன சொல்றாரு?"

அவர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் யாரோ நடக்கத் தயாராக நிற்கிறார்கள்.

"ஹலோ? யாரு பேசுறது?"